மாசியும் மாப்பும்

மாலத்தீவு என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது எது? இளையோர்க்கு விளம்பரங்களில் காணும் நீலக்கடலும் நீர்மேல் நிற்கும் மரக்குடில்களும் நினைவுக்கு வரலாம். எங்கள் கடற்கரைப் பக்கத்துப் பெண்மக்களைக் கேட்டால் 'மாசி' என்பார்கள். சூரை மீனை அவித்துப் புகையிட்டு வெயிலில் உலர்த்திக் கட்டையாக்கிய மாசியை உரலில் தட்டி, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் மிளகாயும் சேர்த்துச் சம்பல் செய்துவிட்டால் எங்கள் வீடுகளில் அன்று வேறு குழம்பு கேட்பாரில்லை. மீனுக்கு அத்தீவு மக்களின் திவேஹி மொழியில் 'மஸ்' என்று பெயர். நம் தோணி அவர்களுக்கும் 'தோனி'யே. தூத்துக்குடித் தோணிகள் காய்கறியும் கட்டுமானப் பொருள்களும் ஏற்றிக்கொண்டு தலைமுறை தலைமுறையாக மாலே துறைக்குப் போய் வந்திருக்கின்றன. இத்தனை நெருங்கிய அண்டை வீட்டாரைப் பற்றி நான் அறிந்து வைத்திருந்ததோ அந்த மாசித் துண்டின் அளவுதான்.

அவர்களை நான் முதன்முதலாக நேரில் அறிந்தது தீவில் அன்று, திருவனந்தபுரத்தில்.

2024 ஜனவரி முதல் வாரத்தில் என் மூத்த சகோதரியை இருதயச் சிகிச்சைக்காக அந்நகருக்கு அழைத்துச் சென்றிருந்தேன். மருத்துவக் கல்லூரியைச் சுற்றியுள்ள வீதிகளில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: அது நோயாளிகளின் நகரம். மருந்துக்கடைகளும், கஞ்சி விற்கும் சிறு ஓட்டல்களும், நாள்வாடகைக்கும் மாதவாடகைக்கும் கிடைக்கும் அறைகளும் நெருக்கியடித்து நிற்கும். குமாரபுரம் பக்கம் போனால், முக்காடிட்ட பெண்களும் ஒல்லியான கறுத்த ஆண்களும் நமக்கு விளங்காத ஒரு மொழியில் பேசிக்கொண்டு போவதைக் காணலாம். அவர்கள் மாலத்தீவினர். தங்கள் தீவுகளில் கிடைக்காத சிகிச்சையைத் தேடி அவர்கள் பல பத்தாண்டுகளாக இந்நகருக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். விமானத்தில் ஏறினால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம். நம்மில் பலர் மதுரைக்குப் போவதற்கே அதைவிடக் கூடுதல் நேரம் ஆகிறது!

நாங்கள் தங்கிய விடுதியின் மாடியில் நான்கு அறைகள். முன்னால் ஒரே நீண்ட வராந்தா. எங்களுக்கு அடுத்த அறையில் மாலத்தீவு முதியவர் ஒருவரும் அவருடைய மனைவியும் இருந்தனர். மனைவிக்குச் சிறுநீரகக் கோளாறு. அது அவர்களுக்கு மூன்றாம் பயணம். அவர் ஹஜ் செய்தவர் என்பதால் நான் 'ஹாஜியார்' என்றேன். நான் மதரஸாவில் ஓதிக்கொடுப்பவன் என்றறிந்ததும் அவர் என்னை 'உஸ்தாத்' என்று அழைக்கலானார். மலையாளம் பாதி, ஆங்கிலம் பாதி, இரண்டுக்கும் இடையே அரபுச் சொற்கள் சில. அதுவே எங்கள் பாஷை.

முதல் நாள் மாலை ஒரு சிறு நிகழ்ச்சி. வராந்தாவில் நாற்காலி போட்டு என் சகோதரி அமர்ந்திருந்தார். ஹாஜியார் தம் அறை வாசலில் தஸ்பீஹ் மணியோடு அமர்ந்திருந்தார். இருட்டியதும் நான், "உள்ளே போ ராத்தா, கொசு கடிக்கும்" என்றேன். என் சகோதரி எழுமுன்பே ஹாஜியார் விருட்டென்று எழுந்து தம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எங்களோடு பழக விருப்பமில்லாதவர் போலும் என்று எண்ணிக்கொண்டேன். மறுநாள் காலை அவரே முகமலர்ச்சியோடு ஸலாம் சொன்னபோது அந்த எண்ணமும் போய்விட்டது.

இனி, அந்த வாரத்தில் நாடெங்கும் பேசப்பட்ட செய்திக்கு வருகிறேன். நம் பிரதமர் அம்மாதம் 2, 3 தேதிகளில் லட்சத்தீவுக்குச் சென்று, அக்கடற்கரையின் படங்களை வெளியிட்டார். சுற்றுலாவில் மாலத்தீவுக்குப் போட்டியாக இது செய்யப்படுகிறது என்று அங்கே சிலர் கருதினர். மாலத்தீவில் 2023 நவம்பரில்தான் புதிய அதிபர் முகம்மது முய்ஸு பதவியேற்றிருந்தார். இந்தியப் படையினர் வெளியேற வேண்டும் என்ற முழக்கத்தோடு தேர்தலில் வென்றவர் அவர். அவருடைய அரசில் இளைஞர் நலம், தகவல், கலை ஆகிய துறைகளுக்கான அமைச்சகத்தைச் சேர்ந்த துணை அமைச்சர்கள் மூவர், சமூக வலைத்தளத்தில் நம் பிரதமரை இழித்து எழுதினர். கோமாளி என்றும் இஸ்ரேலின் கைப்பாவை என்றும் சொற்கள் வந்து விழுந்தன. ஆளும் தரப்பைச் சேர்ந்த வேறொருவர், இந்திய விடுதி அறைகளில் வீசும் வாடையைப் பற்றி எழுதினார்.

ஜனவரி 7ஆம் நாள் மாலே அரசு, அவை அவர்களுடைய சொந்தக் கருத்துகள், அரசின் கருத்துகள் அல்ல என்று அறிவித்தது. மூவரும் பதவியிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டனர். ஆயினும் இங்கே எழுந்த கோபம் அடங்கவில்லை. நடிகர்களும் விளையாட்டு வீரர்களும் லட்சத்தீவுக்குப் போங்கள் என்றனர். பலர் மாலத்தீவுப் பயணச்சீட்டுகளை ரத்துச் செய்தனர். அந்த மூவர் மீதிருந்த கோபம் ஓரிரு நாளில் அந்நாட்டு மக்கள் எல்லோர் மீதும் பாய்ந்தது. அவர்கள் நன்றி கெட்டவர்கள், பிச்சைக்காரர்கள் என்றெல்லாம் நம்மவர்கள் எழுதியதையும் நான் மறைக்கலாகாது.

ஒரு நாட்டின் கொள்கையைக் குறை கூறுவது வேறு. அந்நாட்டின் தலைவரைச் சந்தியில் நிறுத்திப் பட்டப்பெயர் சூட்டுவது வேறு. முன்னதற்கு அறிவு வேண்டும், துணிவும் வேண்டும். பின்னதற்கு ஒரு கைப்பேசி போதும்.

ஜனவரி 8ஆம் நாள், மஃரிப் தொழுகை முடிந்த நேரம். எங்கள் அறைக் கதவு தட்டப்பட்டது. ஹாஜியார் ஒரு தட்டில் தேநீர்க் கோப்பைகளோடு நின்றிருந்தார். சலவை செய்த சட்டை, தலையில் தொப்பி, பெருநாள் தொழுகைக்குப் புறப்பட்டவரைப் போல் இருந்தார். அவருடைய மனைவி இரண்டடி பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"உஸ்தாத், எங்கள் நாட்டின் பொறுப்பில் உள்ளவர்கள் உங்கள் நாட்டைப் பற்றித் தகாத வார்த்தை பேசிவிட்டார்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீங்கள் எங்களை மன்னிக்க வேண்டும்" என்றார்.

பின்னால் நின்ற அம்மையாரும் தம் மொழியில் ஏதோ சொன்னார். அதில் ஒரு சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. 'மஆஃப்'. நம் வீட்டுப் பெரியவர்கள் 'மாப்பு' என்பார்களே, அதே சொல்!

ஹாஜியார் மேலும் சொன்னார்: "இந்திய அறைகளில் வாடை அடிக்கிறதாம். மூன்று முறை இந்த அறையில் தங்கியிருக்கிறேன். இங்கே அடிப்பது மருந்து வாடை. என் மனைவியை எனக்குத் திருப்பிக் கொடுத்த வாடை."

நேயர்களே, ஹஜ்ஜுக்குப் புறப்படுவோர் வீடு வீடாக ஏறி இறங்கி, "தெரிந்தும் தெரியாமலும் செய்ததை மாப்புச் செய்யுங்கள்" என்று கேட்பதை நாம் கண்டிருக்கிறோம். அது அவரவர் பிழைக்கு அவரவர் கேட்பது. ஒருவர் செய்த குற்றத்திற்கு மற்றொருவர் பொறுப்பாளி ஆகார் என்ற பாடத்தை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நடத்துகிறவன் நான். ஆகவே எனக்கு எளிதாக ஒரு பதில் கிடைத்தது. "ஹாஜியார், நீங்களா சொன்னீர்கள்? நீங்கள் செய்யாததற்கு நீங்கள் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்? விட்டுவிடுங்கள்" என்றேன். மிகப் பெருந்தன்மையாகப் பேசிவிட்டதாக எனக்கு நினைப்பு.

அவர் ஒரு கணம் என்னையே பார்த்தார். தலையை அசைத்தார். தேநீரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கதவைச் சாத்தியதும் என் சகோதரி சொன்னார்: "தம்பி, அந்த மனுசர் அவ்வளவு தூரம் யோசித்து வந்து கேட்டார். நீ 'சரி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உன் கிதாபை எடுத்து நீட்டிவிட்டாயே!"

நான் ஏன் அப்படிப் பேசினேன் என்பதைப் பிறகு எண்ணிப் பார்த்தேன். எங்கோ எவனோ செய்த குற்றத்திற்கு, 'நீ என்ன சொல்கிறாய்?' என்று நம் முகத்தைப் பார்த்துக் கேட்கப்பட்ட அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. பேருந்திலும் அலுவலகத்திலும் கல்லூரி விடுதியிலும் நமக்குச் சம்பந்தமில்லாத ஒன்றுக்கு நாம் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டிருக்கிறோம். அதனால் 'பிறர் பிழைக்கு நான் ஏன்?' என்ற வாக்கியம் எங்கள் நாவின் நுனியிலேயே இருக்கிறது. அதை மற்றவர்க்கும் ஒரு சலுகை போல் வழங்கிவிடுகிறோம். ஆனால் வற்புறுத்திக் கேட்டு வாங்கும் மன்னிப்பும், யாரும் கேளாமல் சலவைச் சட்டை அணிந்து வந்து நிற்கும் மன்னிப்பும் ஒன்றா? மார்க்கச் சட்டத்தில்கூட, ஒருவன் கைப்பிழையாக உயிரைப் போக்கிவிட்டால் அதற்குரிய நஷ்டஈட்டை அவனுடைய 'ஆகிலா', அதாவது அவனைச் சார்ந்த கூட்டத்தார், பகிர்ந்து செலுத்த வேண்டும் என்றிருக்கிறது. குற்றம் அவனுடையதுதான், ஆயினும் சுமையில் ஒரு பங்கு அவனைச் சார்ந்தோர்க்கும் உண்டு. இதையும் நான்தான் நடத்துகிறேன். அன்று மாலை அது நினைவுக்கு வரவில்லை.

ஹாஜியார் என்னோடு நிற்கவில்லை. விடுதியின் கீழே பதிவேடு எழுதும் இளைஞரிடம் சொன்னார். அந்த இளைஞர் ஒரு நாயர் வீட்டுப் பிள்ளை. கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவர். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, ஹாஜியாரின் இரு கைகளையும் பற்றிக்கொண்டு, "சரி, சரி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நான் மாடிப்படியில் நின்று பார்த்தேன். எனக்குத் தெரியாமல் போனது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது.

ஆட்டோக்காரர் ஒருவர் மட்டும் முகங்கொடுக்கவில்லை. "உங்கள் பிரசிடெண்ட் அல்லவா வந்து சொல்ல வேண்டும்?" என்று கேட்டுவிட்டார். ஹாஜியார் சிரித்துக்கொண்டே, "அவர் உங்கள் ஆட்டோவில் ஏறமாட்டாரே, நான்தானே ஏறுகிறேன்" என்றார். ஆட்டோக்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கட்டணத்தில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை!

அவர்களுடைய மகன் மாஃபுஷித் தீவில் சிறு விருந்தினர் இல்லம் ஒன்றில் வேலை பார்த்து வந்தார். பெரிய முதலாளிகளின் தனித் தீவுகளில் மட்டுமின்றி, மக்கள் வாழும் ஊர்களிலும் சுற்றுலாப் பயணிகள் தங்கலாம் என்று அந்நாட்டுச் சட்டம் இசைவு தந்த பிறகு தோன்றிய இல்லங்கள் அவை. அங்கு வருவோரில் நம்மவர் மிகுதி. 2023இல் மாலத்தீவுக்கு வந்த அயல்நாட்டினருள் இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர்களே முதலிடத்தில் இருந்தனர். 2024இல் அத்தொகை ஒன்றரை லட்சத்தையும் எட்டவில்லை. பதிவு செய்த அறைகள் ஒவ்வொன்றாக ரத்தாவதை மகன் தொலைபேசியில் சொல்ல, ஹாஜியார் வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். பேசியவர்கள் யார், இழந்தவர்கள் யார் என்று எனக்குத் தோன்றும். ஆனால் அவர் பிழைப்புக்காகத்தான் மன்னிப்புக் கேட்டார் என்று யாரும் எண்ண வேண்டாம். அறைகள் ரத்தாகத் தொடங்கிய செய்தி அவருக்கு வந்தது மறுநாள்தான்.

பின்னர் அதே ஆண்டு மார்ச்சில், அந்நாட்டின் முன்னாள் அதிபர் முகம்மது நஷீத் டில்லிக்கு வந்தபோது, நடந்ததற்கு மாலத்தீவு மக்கள் வருந்துகிறார்கள் என்றும், இந்தியர்கள் விடுமுறைக்கு வர வேண்டும், தங்கள் உபசரிப்பில் குறை இராது என்றும் பத்திரிகையாளரிடம் கூறினார். நல்ல சொற்கள்தாம். ஆயினும் ஆளுங்கட்சியின் எதிர்த்தரப்பில் இருப்பவர்க்கு அதைச் சொல்வதில் அரசியல் இலாபமும் உண்டு. பதிவேட்டு இளைஞர் முன் நின்ற கிழவருக்கு என்ன இலாபம்?

நம் நாட்டவரும் இந்நிலையில் நின்றதுண்டு. 2022இல் இங்கே ஒரு கட்சியின் பேச்சாளர் தொலைக்காட்சியில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் பற்றிப் பேசிய பேச்சினால், அவ்வாண்டு ஜூன் 5ஆம் நாள் கத்தார் அரசு நம் தூதரை அழைத்துக் கண்டித்தது. அவை அரசின் கருத்துகள் அல்ல என்றே நம் தூதரகமும் அன்று விளக்கம் தந்தது. தோஹாவில் வேலை செய்த என் மைத்துனர் அப்போது சொன்ன ஒரு செய்தி: அவரோடு ஒரே அறையில் இருந்த நாகர்கோவில் இந்து நண்பர் இரண்டு நாள் சரியாக உண்ணவில்லையாம், மூன்றாம் நாள் தம் அரபு மேலாளரிடம் தாமாகவே போய் வருத்தம் தெரிவித்துவிட்டு வந்துதான் சோற்றில் கை வைத்தாராம். நாங்கள் அதை அன்று வியந்து பேசினோம். அதன் கனத்தை நான் உணரவில்லை.

அந்த விடுதியில் ஓரிரவு உறக்கம் வராமல் கிடந்தபோது வேறொன்று நினைவுக்கு வந்து என்னை எழுப்பி உட்கார வைத்தது. 1994ஆம் ஆண்டு. நான் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தேன். இதே திருவனந்தபுரத்தில் மாலத்தீவுப் பெண்கள் இருவர், நம் விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் இரகசியங்களைக் கவர்ந்த உளவாளிகள் என்று கைது செய்யப்பட்டனர். விஞ்ஞானிகளும் பிடிக்கப்பட்டனர். பத்திரிகைகள் அப்பெண்களைப் பற்றி எழுதாத கதையில்லை. 1996இல் மத்தியப் புலனாய்வுத் துறையே இவ்வழக்கில் உண்மையில்லை என்று அறிக்கை தந்தது. 1998இல் உச்ச நீதிமன்றமும் வழக்கை முடித்து வைத்தது. அதற்குள் அப்பெண்கள் ஆண்டுக்கணக்கில் நம் சிறைகளில் கிடந்துவிட்டனர். விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு 2018இல் உச்ச நீதிமன்றம் 50 லட்ச ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது, அது நியாயமே. அந்தப் பெண்களுக்கு? அவர்களுள் ஒருவர் 2022இல் காலமாகியும் விட்டார்.

டீக்கடை பெஞ்சில் அமர்ந்து அந்தச் செய்திகளை ஆவலோடு படித்தவர்களில் நானும் ஒருவன். நம்பியவன். நம்பியதோடு நில்லாமல் கதையளந்தவன். அடுத்த அறையில் உறங்கும் கிழவர் எனக்கு மாப்புக் கேட்டிருக்கிறார். நான் அவருக்கு எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். காலையில் மருத்துவமனைக்குப் போனோம். மாலையில் சோர்ந்து திரும்பினோம். அப்படியே நாள்கள் ஓடின. நாங்கள் ஊர் திரும்பிய அன்று அவர் தம் தொலைபேசி எண்ணை என் குறிப்பேட்டில் தம் கையால் எழுதி, "மாலேக்கு வாருங்கள்" என்றார். என் சகோதரி அல்லாஹ்வின் அருளால் நலமடைந்தார்.

அரசுகள் பின்னர் சமாதானமாயின. இந்தியப் படையினர் 2024 மே மாதத்திற்குள் வெளியேறினர்; அக்டோபரில் அதிபர் முய்ஸு டில்லிக்கு வந்தார்; 2025 ஜூலையில் நம் பிரதமர் மாலே சென்று அவர்களின் அறுபதாம் சுதந்திர நாள் விழாவில் கலந்துகொண்டார். இவை நடந்துகொண்டிருந்த காலத்தின் இடையிலே, 2025 பிப்ரவரியில், ஷஅபான் மாத விடுமுறையில் நான் மாலேக்குப் போனேன். எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவர் அங்கே ஒரு கடையில் கணக்கராக இருந்ததால் தங்கும் செலவில்லை.

விமான நிலையம் ஒரு தீவு. நகரம் அடுத்த தீவு. 2018இல் சீன உதவியோடு கட்டப்பட்ட பாலம் ஒன்று இரண்டையும் இணைக்கிறது. நகருக்குள் நுழைந்தால் இந்திய உதவியில் எழுந்த இந்திராகாந்தி நினைவு மருத்துவமனை. பெரிய நாடுகள் இரண்டும் இப்படிக் கல்லிலும் சிமெண்டிலும் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கின்றன. ஏறத்தாழ இரண்டு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவில் எத்தனை மாடிகள், எத்தனை மோட்டார் சைக்கிள்கள்! குறுக்கே நடந்தால் அரை மணிக்குள் கடல் வந்து வழிமறிக்கிறது. வடக்குத் துறையை ஒட்டிய மீன் சந்தையில் சூரை மீன்கள் வரிசையாகக் கிடத்தப்பட்டிருந்தன. அருகில் கட்டை கட்டையாக மாசி. என் மனைவிக்காக இரண்டு கிலோ வாங்கினேன்.

1658இல் கட்டி முடிக்கப்பட்ட 'ஹுகுரு மிஸ்கி' என்னும் பழைய வெள்ளிக்கிழமைப் பள்ளியில் லுஹர் தொழுதேன். கடலிலிருந்து எடுத்த பவளப்பாறைகளை அறுத்து, மரத்தச்சர் பலகையைப் பொருத்துவது போல் ஒன்றோடொன்று பொருத்திக் கட்டிய பள்ளி அது. சுவரெங்கும் செதுக்கு வேலை. அதற்கும் மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னே, 1343இல் வந்து, இத்தீவில் காஜியாக இருந்தவர் இப்னு பதூதா. அவரை நாம் பெரிய பயணியாக அறிவோம். ஆனால் இங்கே அமைச்சரோடு பிணங்கிப் புறப்பட்ட அவர், இலங்கை வழியாக நம் மஅபர் கரைக்கு வந்து, மதுரை சுல்தானைத் தூண்டி இத்தீவுகளின் மேல் படையனுப்ப ஏற்பாடு செய்தார் என்பதை அவரே எழுதி வைத்திருக்கிறார். ஆனால் அந்தப் படை கிளம்பவில்லை. உப்பும் சோறும் உண்ட வீட்டின் மேல் படையா என்று அந்தப் பள்ளியின் தூணில் சாய்ந்துகொண்டு நான் அவரோடு சற்று நேரம் மனத்துக்குள் சண்டையிட்டேன்.

அன்று மாலை ஹாஜியார் வீட்டுக்குப் போனேன். நான்காம் மாடியில் இரண்டே அறைகள். மகன், மருமகள், பேரப்பிள்ளை ஒருவன். அம்மையார் எழுந்து நடமாடினார். தேங்காயும் மாசியும் கலந்த சிற்றுண்டிகளை அடுக்கி வைத்தார்கள். விமானத்தில் வரும்போதே ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை நான் சொன்னேன். 1994ஐச் சொன்னேன். டீக்கடை பெஞ்சைச் சொன்னேன். அந்தப் பெண்களிடம் கேட்க வழியில்லை, உங்களிடம் கேட்கிறேன் என்றேன்.

ஹாஜியார் கவனமாகக் கேட்டார். பிறகு, "உஸ்தாத், நீங்களா கைது செய்தீர்கள்? விட்டுவிடுங்கள்" என்றார்.

என்னுடைய பதில் ஏறத்தாழ அதே வடிவில் என்னிடமே திரும்பி வந்தது. அதைப் பெற்றுக்கொள்கிற இடத்தில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, நீட்டிய கையை யாரும் பற்றாமல் விட்டால் அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் போகிறது. அவர் பழிக்குப் பழியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே எனக்கு ஆறுதல் சொன்னார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

அப்போது அம்மையார் தம் கணவரிடம் ஏதோ சொன்னார். அவர் வேண்டாமென்று கையசைத்தார். அம்மையார் விடவில்லை. கடைசியில் ஹாஜியார் சொன்னார்: "எனக்குத் தமிழில் ஒரே ஒரு வார்த்தை தெரியும், உஸ்தாத். 'உள்ளே போ'."

1988 நவம்பர் 3. வைகறையில் இலங்கையிலிருந்து கடல்வழியே வந்த பிளாட் இயக்கத்தின் தமிழ்ப் போராளிகள், மாலத்தீவு வணிகர் ஒருவரின் ஏற்பாட்டில் அரசைக் கவிழ்க்க மாலேக்குள் புகுந்தனர். ஹாஜியார் அப்போது இளைஞர். பஜ்ரு தொழுதுவிட்டு வீதிக்கு வந்தவரை, துப்பாக்கி ஏந்திய ஒருவன் நெஞ்சில் தள்ளி ஒரு கட்டடத்துக்குள் அடைத்தான். அவன் திரும்பத் திரும்பக் கத்திய சொல் அது. பகல் முழுவதும் அந்தச் சொல்லும் வேட்டுச் சத்தமும். அன்று மாலத்தீவுக் காவலர்கள் மாண்டனர். தப்பியோடிய கப்பலில் பிணையாகக் கொண்டு போகப்பட்டவர்களிலும் சிலர் திரும்பவில்லை. இவரோடு பள்ளியில் படித்த நண்பர் ஒருவரும் அன்று போய்விட்டார். இரவில் ஆக்ராவிலிருந்து விமானத்தில் வந்திறங்கிய இந்தியப் படையினர் நகரை மீட்டனர்.

"உங்களைக் காப்பாற்றியவர்கள் யார் என்று யாராவது கேட்டால் இந்தியா என்பேன். அதனால்தான் அந்த ஜனவரியில் எனக்கு அவ்வளவு வெட்கம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு மாலை நேரம், வராந்தாவில் நீங்கள் உங்கள் ராத்தாவிடம் அந்த வார்த்தையைச் சொன்னீர்கள். முப்பத்தைந்து ஆண்டு கழித்துக் கேட்டேன். கால்கள் தாமாக எழுந்துவிட்டன. கதவைச் சாத்திக்கொண்டேன். மறுநாள் உங்கள் ராத்தாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான், அது கொசுவுக்காகச் சொல்லப்பட்ட வார்த்தையாக இருக்கும் என்று தேற்றிக்கொண்டேன்" என்றார்.

இதற்கு நான் ஒத்திகை எதுவும் பார்த்திருக்கவில்லை. நான் ஈழத்தவன் அல்லன். அந்த இயக்கத்தின் பெயர் தவிர அதைப் பற்றி ஒன்றும் அறியேன். அன்று எனக்குப் பதினொரு வயது. சட்டப்படி என் பக்கம் எல்லாச் சான்றும் உண்டு. ஆயினும் அது என் தாய் என்னைத் தாலாட்டிய மொழி. "மாப்பு" என்றேன். வேறொன்றும் வரவில்லை.

ஹாஜியார் இம்முறை 'நீங்களா செய்தீர்கள்' என்று கேட்கவில்லை. பதிவேட்டு இளைஞர் செய்ததைப் போலவே என் இரு கைகளையும் பற்றிக்கொண்டார். "சரி, சரி" என்றார். அந்த மலையாளப் பிள்ளையிடமிருந்து கற்றுக்கொண்டாரோ என்னவோ!

சற்றுப் பொறுத்து அவரே கேட்டார்: "அந்த வார்த்தைக்கு மரியாதையான வார்த்தை உங்கள் மொழியில் உண்டா? வீட்டுக்கு வருகிறவர்களிடம் என்ன சொல்வீர்கள்?"

"'உள்ளே வாருங்கள்' என்போம்" என்றேன்.

சொல்லிப் பார்த்தார். 'ள்' அவருக்குச் சிரமப்பட்டது. பேரன் இரண்டாம் முறையிலேயே பிடித்துக்கொண்டான். அம்மையார் முக்காட்டுக்குள் சிரித்துக்கொண்டே தாமும் முணுமுணுத்துப் பார்த்தார். தேநீர் இன்னொரு முறை வந்தது. என் கையிலிருந்த இரண்டு கிலோ மாசியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, சந்தைக்காரன் உங்களை ஏமாற்றிவிட்டான் என்று தங்கள் வீட்டு மாசியில் ஒரு பொட்டலம் கட்டித் தந்தார்கள். மகன் தன் தொழில் நிலவரத்தைச் சொன்னார். நம்மவர்கள் மறுபடி வரத் தொடங்கியிருக்கிறார்கள், முன்போல் இல்லை என்றார்.

இஷா பாங்கு கேட்டதும் விடைபெற்றேன். அந்த மாடிப்படி மிகக் குறுகலானது. இரண்டு மாடி இறங்கியிருப்பேன். மேலே கைப்பிடிச் சுவரின் மேல் ஹாஜியாரும் பேரனும் தலையை நீட்டி, கையை அசைத்து எனக்கு விடைகொடுத்தார்கள்.

"உள்ளே வாருங்கள்! உள்ளே வாருங்கள்!"

நானும் திருத்தவில்லை, கையை அசைத்துக்கொண்டே இறங்கினேன்.